ஞாயிறு மாலை போன்

கடத்தூர்
14.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நிர்மலா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீங்களும் ஜெனிஷாவும் உங்கள் அப்பாவும் சுகமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பீர்கள். போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. நீங்கள் கோபத்தில் திட்டியதையெல்லாம் அண்ணன் பதிவு செய்து, பென்டிரைவில் போட்டு கோர்ட்டில் கொடுத்திருக்கிறார் என்று அம்மா சொன்னார்கள். சனிக்கிழமை ஓசூரிலிருந்து வந்தால் என் போனையும் வாங்கிப் பார்க்கிறார். யாரோடு பேசினாய், எவ்வளவு நேரம் பேசினாய் என்கிறார். அதனால் தையல் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதில் எழுதினால் வீட்டுக்கு வேண்டாம், கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

அண்ணன் விவாகரத்துக் கேட்ட மனுவிலேயே பிள்ளையையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டிருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். விவாகரத்து உங்கள் இருவர் பாடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஜெனிஷா விஷயத்தில் எனக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது. அவள் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான்தானே. வருகிற மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளை கவுன், பூமுடி, மெழுகுவத்தி மூன்றும் ஞானத்தாய் கொண்டுவர வேண்டியவை. கவுனை என் கையால் தைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஞானஸ்நானம் வாங்கிய கோயிலிலேயே, இங்கே கடத்தூரிலேயே புதுநன்மையும் வைத்துக்கொண்டால் என்ன என்று அம்மா கேட்கிறார்கள். யோசித்து எழுதுங்கள்.

கோர்ட் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீடியோவில் அவளிடம் பேசும்போது நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்வேன். விழுந்த பல் முளைத்துவிட்டது போலிருக்கிறது.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
நிர்மலா


மாரண்டஹள்ளி
29.10.2024

அன்புள்ள நிர்மலாவுக்கும், தோளுக்குப் பின்னால் நின்று படித்தால் உன் அண்ணன் ஜோசப் ராஜுக்கும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளப்போகும் அவருடைய வக்கீலுக்கும் அருள்ராணியின் வணக்கம்.

சுகமா என்று கேட்டிருந்தாய். சுகம் என்று எழுதினால், புருஷனை விட்டுவிட்டுச் சுகமாக இருக்கிறாள் என்று மனுவில் வரும். சுகமில்லை என்றால், பிள்ளை வளர்க்கத் தெம்பில்லாதவள் என்று வரும். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் கடித உறையின் ஓரம் இரண்டு தடவை ஒட்டியது மாதிரி இருந்தது. ஒட்டியது நீயா, பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய வேறு ஆளா என்று ஒரு நாள் பூராவும் யோசித்தேன். பால் ஊற்றுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசினால்கூட என்ன பேசினாய் என்று கேட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்தச் சந்தேகம் பொறுக்க முடியாமல்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தேன். வரும்போது அந்த வியாதியும் என்னோடு வந்துவிட்டது போலிருக்கிறது. நீ நல்லவளாகவே இருக்கலாம். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை.

புதுநன்மை கடத்தூரில் நடக்காது. இது என் வக்கீல் பிரியதர்ஷினி சொல்லிக்கொடுத்த பதில் இல்லை, என் பதில்தான். ஆனால் அவளிடமும் கேட்டேன். "அக்கா, புள்ள யார் கையில இருக்குதோ அவங்க பக்கம்தான் மொதல்ல பேச்சு சாயும். எங்கயும் அனுப்பாதீங்க" என்றாள். நான் அனுப்பினேன் என்று வைத்துக்கொள். ஆயாவுக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்பீர்கள். இரண்டு நாள் பத்து நாளாகும், பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தகவல் வரும். புதுநன்மை மாரண்டஹள்ளிக் கோயிலில்தான். ஞானஸ்நானச் சீட்டை மட்டும் வாங்கி அனுப்பு.

கவுன் நீ தைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அளவெடுக்கப் பிள்ளையை அனுப்பமாட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் உன் அண்ணன் குரலைக் கேட்கப் பிடிக்காமல், போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். பல் முளைத்தது உண்மைதான்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லு.

அருள்ராணி


கடத்தூர்
08.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கு மழை, எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம், மற்றபடி ஒன்றுமில்லை. அங்கே தக்காளிக்கு மழை என்ன செய்தது என்று தெரியவில்லை.

உறையை இரண்டு தடவை ஒட்டியது நான்தான் அண்ணி. ஒட்டிய பிறகு பல் விஷயம் எழுத மறந்தது ஞாபகம் வந்தது. பிரித்து எழுதி ஒட்டினேன்.

புதுநன்மை அங்கேயே இருக்கட்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், முணுமுணுத்தார்கள், அடங்கிவிட்டார்கள். ஞானஸ்நானச் சீட்டு இதோடு இருக்கிறது. அளவுக்குப் பாப்பா வர வேண்டாம், பழைய யூனிபார்ம் ஒன்று அனுப்பினால் போதும். அதை வைத்து வளர்த்தி போட்டுத் தைத்துவிடுவேன்.

நீங்கள் விடியாமலே எழுந்து பாலக்கோடு மண்டிக்குக் கணக்கு எழுதப் போகிறீர்களே, சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை யார் கூட்டிவருகிறார்கள்? கேட்கத் தோன்றியது.

சென்ற வாரம் பென்னாகரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், அண்ணன் கேஸ் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார்கள், போய்விட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்மலா


மாரண்டஹள்ளி
25.11.2024

அன்புள்ள நிர்மலாவுக்கும் மேற்படி ஆட்களுக்கும் வணக்கம்.

சீட்டு கிடைத்தது, நன்றி. யூனிபார்ம் தனி பார்சலில் வருகிறது. பாவாடையில் மை கொட்டியிருக்கும், பார்க்காதே. மழையில் தக்காளி பாதி அழுகிவிட்டது, மீதிக்கு நல்ல விலை. ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வை.

யார் கூட்டிவருகிறார்கள் என்று கேட்டாயே. பதில் எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதை மறைக்காமல் எழுதினாயே, அதனால் எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கும் வேறு ஆள் இல்லை.

அப்பாதான் மொபெட்டில் போய்க் கூட்டிவருவார். போன வாரம் மறந்துவிட்டார். தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவர், பள்ளிக்கூடம் விடும் நேரம் என்பதே நினைப்பில் இல்லை. மண்டியில் அன்று சரக்கு அதிகம், நான் வர இருட்டிவிட்டது. "பாப்பா எங்கப்பா?" என்றேன். "எந்தப் பாப்பா?" என்றார். நிர்மலா, அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. ஓடினேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் மாரியப்பன் தன் ஸ்டூலில் அவளை உட்காரவைத்துக் காவல் இருந்தார்.

அப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. எனக்கு வயசாயிடுச்சும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது பள்ளி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். இனி நடக்காது. ஆனால் அப்பாவின் ஞாபகம் போகிறதே என்ற கவலை தீரவில்லை.

படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அருள்ராணி


கடத்தூர்
16.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி சுகம். உங்கள் அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

யூனிபார்ம் வந்தது. துணி எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது நீங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டாம் அண்ணி. பாப்பாவின் பக்கத்தில் இருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

கேக் அனுப்பினால் நசுங்கிவிடும் என்று அம்மா சொன்னதால் அனுப்பவில்லை.

நிர்மலா


மாரண்டஹள்ளி
22.01.2025

நிர்மலாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று உன் அண்ணன் தரப்பில் கூடுதலாக ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். பிரியதர்ஷினி படித்துக் காட்டினாள். "சிறுமியின் தாத்தா மரியசூசை ஞாபக மறதி உள்ளவர் என்பதாலும், சிறுமி பள்ளி வாசலில் பசியோடு கைவிடப்பட்டு, காவலாளி பன் வாங்கிக் கொடுத்துப் பசியாற்ற வேண்டிய அவல நிலை ஏற்பட்டதாலும்" பிள்ளையை உடனே அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இதை நான் எழுதியது உலகத்தில் ஒருத்திக்குத்தான்.

பன் கதை எனக்கே தெரியாது. நான் எழுதியது போதாதென்று நீ மசாலா வேறு சேர்த்திருக்கிறாய். யார் கூட்டிவருகிறார்கள் என்று நீயாகக் கேட்டதும், கடை விலாசமும், பெண் பார்க்க வந்த கதையும் எதற்கென்று இப்போது புரிகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பக்கத்தில் இருங்கள் என்று எழுதினாயே, நான் பக்கத்தில் நின்று அவர் குரலைக் கேட்டு ஏதாவது கத்துவேன், அதையும் பென்டிரைவில் ஏற்றலாம் என்றுதானே?

கத்தமாட்டேன். ஆனால் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் வீட்டு ஆட்களிடம் என் பிள்ளையைத் தனியாக விடுவதாக இல்லை.

பிள்ளையை அவர்கள் எடுத்துக்கொண்டால் நான் செத்துப்போவேன் நிர்மலா. உனக்கு அது தெரியும். தெரிந்தும் செய்தாய்.

அருள்ராணி


கடத்தூர்
19.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தப்பு என் மேலேயே இருக்கட்டும். நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நான் கோபப்படமாட்டேன். யார் சொன்னது, எப்படிப் போனது என்று வீட்டில் விசாரணை மட்டும் வேண்டாம். பாப்பாவின் காதில் இந்தப் பேச்சே விழ வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே கிழித்துவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நிர்மலா


மாரண்டஹள்ளி
05.04.2025

நிர்மலாவுக்கும், இதைக் கோர்ட்டில் காட்ட விரும்பும் யாவருக்கும்,

இங்கு அனைவரும் உயிரோடு இருக்கிறோம்.

தப்பு என் மேல் இருக்கட்டும் என்று நீ எழுதியதைப் பிரியதர்ஷினியிடம் காட்டினேன். இதுவே ஒப்புக்கொண்டது மாதிரிதான் என்றாள். அதை வைத்து, உன் மூலம் உன் அண்ணன் எங்கள் வீட்டை வேவு பார்க்கிறார் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டோம். உன் பெயர், கடை விலாசம் எல்லாம் அதில் இருக்கிறது. கேள்விப்பட்டிருப்பாய்.

போன வாரம் ஜட்ஜம்மா ஜெனிஷாவைத் தனியாக அவருடைய அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். நானும் உன் அண்ணனும் வெளியே ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவோடுதான் இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். என்ன கேட்டாலும் பிள்ளை ஒரே பதிலைத்தான் சொல்கிறாளாம். "நான் யாரப் பத்தியும் எதுவும் சொல்ல மாட்டேங்க மேடம்." சாக்லேட்டைக்கூடத் தொடவில்லை. பிள்ளைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று ஜட்ஜம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோடை விடுமுறை முடிந்து ஆலோசகரை வைத்துப் பேசச் சொல்லி ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார். அதுவரை அவள் என்னிடம்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் சொல்லிக்கொடுத்தது யார்? ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் போனை நீ வாங்கி அவளிடம் ஏதோ குசுகுசுவென்று பேசியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவள் அப்பாவிடமும் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. என்னிடமும் முன்பு மாதிரிப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். வாயாடிப் பிள்ளையை ஊமையாக்கிவிட்டீர்கள்.

புதுநன்மை மே பதினெட்டு. நீ வர வேண்டாம். ஞானத்தாய் இடத்தில் மறைக்கல்வி நடத்தும் சோபனா டீச்சர் நிற்பார். இதற்குப் பதிலும் வேண்டாம்.

அருள்ராணி


கடத்தூர்
28.04.2025

அண்ணிக்கு வணக்கம்.

கவுன் இதோடு வருகிறது. நான் வரவில்லை. யார் தைத்தது என்று அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. கீழ் மடிப்பில் துணி விட்டிருக்கிறேன், வளர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.

நிர்மலா


மாரண்டஹள்ளி
12.05.2025

அன்புள்ள நிர்மலா,

இந்தத் தடவை வணக்கம் உனக்கு மட்டும்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

கவுன் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழ் மடிப்பு கனமாக இருக்கிறதே, உள்ளே ஏதாவது வைத்துத் தைத்திருக்கிறாளோ என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துணிதான் இருந்தது. அப்படி ஆகிவிட்டேன் நான்.

சனிக்கிழமை புதுநன்மைப் பிள்ளைகள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். கோயிலுக்குப் போவதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று சோபனா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நம் வீடுகளில் வழக்கம்தானே. நீயும் நானும் கேட்டிருப்போம், என்ன சொன்னோம் என்பதே ஞாபகம் இருக்காது. ஜெனிஷா முதலில் தாத்தா முன்னால் முட்டிபோட்டாள். கண்ணாடியை ஒளித்து வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். பிறகு என் முன்னால் வந்தாள். முட்டிபோட்டவள் வாயைத் திறக்கவே இல்லை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், "சீக்கிரம் சொல்லு கண்ணு, நேரமாவுது" என்றேன்.

"தாத்தா என்னைய மறந்துட்டத நாந்தாம்மா அப்பாகிட்ட சொன்னேன்" என்றாள்.

கரண்டியை வைத்துவிட்டேன்.

"ஸ்கூல்லருந்து யாரு கூட்டியாராங்க பாப்பான்னு அப்பா கேட்டாங்க. நான் பன்னு கத சொன்னேன். வாட்ச்மேன் தாத்தா வாங்கிக் குடுத்த பன்னுல ஜாம் இருந்துச்சும்மா. சூப்பரா இருந்துச்சுன்னு சொன்னேன். அத கேஸ்ல எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

நிர்மலா, அவள் சொன்னது புகார் இல்லை. ஜாம் பன் தின்ற சந்தோஷத்தைச் சொல்லியிருக்கிறாள். அது அவல நிலை என்று டைப் அடித்து வந்தது. எனக்கே தெரியாத பன் உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். மண்டிக் கணக்கில் ஒரு கூடை குறைந்தால் கண்டுபிடிக்கிறவள், இதை யோசிக்கவில்லை. உன் மேல் குற்றம் சுமத்த எனக்கு அவ்வளவு அவசரம்.

ஏன் கண்ணு அப்போதே அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க தாத்தாகிட்ட அத்தைய திட்டினீங்க. அந்தக் கழுத இனிமே இந்த வூட்டுப் படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நாந்தான்னு தெரிஞ்சா என்னையும் அப்பிடிச் சொல்லிருவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

அப்புறம் சொன்னாள், நீ போனை வாங்கிக் குசுகுசுவென்று பேசியது என்னவென்று. அது உன் தப்பு இல்ல கண்ணு, அத்தை பாத்துக்கறேன் என்று சொன்னாயாம்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கு நேரமாகிவிட்டது. அம்மாவும் மன்னிப்புக் கேட்கலாமா என்று எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் கேட்டேன். அவளிடம் கேட்டாயிற்று, இப்போது உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இன்று காலை பிரியதர்ஷினிக்குப் போன் செய்து, உன் பெயர் இருக்கும் பிரமாணப் பத்திரத்தைத் திரும்பப் பெறச் சொன்னேன். "அக்கா, நம்ம கையில இருக்கற நல்ல பாயிண்டே அதுதான்" என்றாள். அது பொய் என்றேன். சரி என்றாள். பதிவு பண்ணினால் பண்ணட்டும் என்று போனிலேயேதான் பேசினேன்.

ஞாயிறு காலை ஏழரைப் பூசை. சோபனா டீச்சரிடம் சொல்லிவிட்டேன், அவர் இடம் விட்டுவிடுவார். பூமுடி நான் வாங்கவில்லை. அது நீ கொண்டுவர வேண்டியது.

உன் வாயாடி அண்ணி,
அருள்ராணி


கடத்தூர்
14.05.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறேன். கடிதம் வந்ததிலிருந்து ரொம்பச் சுகமாக இருக்கிறேன்.

அன்று பாப்பா பன் கதை சொன்னபோது நான் அம்மாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார், கேட்டுக்கொண்டே குறித்துக்கொண்டார். உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் அவளை ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள். ஏன் சொன்னாய் என்று ஒரே ஒரு வார்த்தை. அதை அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. நான் தாங்குவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பாப்பா அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்டாள். "உங்ககிட்ட சரியா பேசாததுக்கு சாரிப்பா" என்று சொல்லிவிட்டு ஏன் பேசவில்லை என்பதையும் சொன்னாள். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "இனிமே அவகிட்ட அந்த வூட்டுக் கத கேட்டீங்கன்னா, நானே கோர்ட்டுக்கு வந்து ஜட்ஜுகிட்ட சொல்லுவண்ணா" என்றேன். இந்த வீட்டில் சோறு தின்றுகொண்டுதான் சொன்னேன்.

முதல் பஸ்ஸில் வருகிறேன். பூமுடி வாங்கிவிட்டேன். அம்மாவும் வருவேன் என்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க நேரமில்லை, அழைத்துவருகிறேன்.

நிர்மலா


மாரண்டஹள்ளி
26.05.2025

அன்புள்ள நிர்மலா,

நீயும் அத்தையும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. அத்தையின் முட்டிக்கு எங்கள் பக்கத்து எண்ணெய் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். உன்னைச் சோபனா டீச்சர் என்று நினைத்துத்தான் அன்று பேசிக்கொண்டிருந்தார், நீயும் திருத்தவில்லை.

கவுன் கச்சிதம். கழற்றவே மாட்டேன் என்று அழுது, அதோடுதான் தூங்கினாள்.

கோயிலில் கடைசித் தூணருகே நின்றவரை நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். நற்கருணை வாங்கித் திரும்பிய பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்ததையும் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை உன் அண்ணனிடம் நீயே காட்டு. ஒளித்துப் படிக்க வேண்டாம். விவாகரத்தை நான் எதிர்க்கப்போவதில்லை. இருவரும் சம்மதித்தே எழுதிக் கொடுக்கலாம். பிள்ளை என்னோடு இருப்பாள், அதில் மாற்றமில்லை. பள்ளி லீவுக்குக் கடத்தூர் வருவாள், அனுப்புகிறேன். யார் வீட்டில் இருந்தாலும் மற்ற வீட்டைப் பற்றி அவளிடம் கேட்கக் கூடாது. இப்படி ஒரு நிபந்தனையைக் கோர்ட்டில் எழுத முடியுமா என்று பிரியதர்ஷினியைக் கேட்டேன். "எழுதலாங்க்கா, அத யாரு காவல் காக்கறது?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். அவர் வாயை நான் காக்க முடியாது, என் வாயை நான் காக்கலாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போன் வந்ததும் அவள் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். முன்பெல்லாம் அவர் குரல் பிடிக்காமல் போவேன், பிறகு சந்தேகத்தில் பக்கத்திலேயே நின்றேன், நேற்று அவள் பேசட்டும் என்று போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடித்துவிட்டேன், சாணி அள்ளி முடித்துவிட்டேன், உள்ளே பேச்சு ஓயவில்லை. ஒரு தடவை சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலைந்து மாதம் இருக்கும். என்ன சொல்லியிருப்பாள், என்ன கேட்டிருப்பார் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நான் உள்ளே போனபோது போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேட்பேன் என்று காத்திருந்தாள்.

"தோசை ஊத்தட்டுமா?" என்றேன்.

அருள்ராணி